தலைமுழுக்கும் பண்டமும்: தேவையின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

1

2022 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் இலங்கை அரசாங்கம் ஏறத்தாழ 300 வகைப் பண்டங்களின் இறக்குமதியைத் தற்காலிகமாக இடைநிறுத்தியது. அந்நியச் செலாவணி வற்றிப்போன அவ்வாண்டில் சொக்கலேற்று, வாசனைத் திரவியம், முகப்பூச்சு ஆகியவற்றோடு ஷாம்புவும் அப்பட்டியலில் இடம்பெற்றிருந்தது. அதற்கு முன்னைய பல ஆண்டுகளாக, ஷாம்பு இன்றித் தலைமயிர் தூய்மையாகவோ நலமாகவோ இருத்தல் இயலாது என்பதே விளம்பரங்கள் மக்களுக்குப் புகட்டி வந்த பாடம். ஒரே பொருள் வணிகனின் வாயில் இன்றியமையாததாகவும் திறைசேரியின் ஏட்டில் வேண்டப்படாததாகவும் தோன்றிய இம்முரண்பாடு வேடிக்கையானது மட்டுமன்று, ஆராய்தற்குரியதுமாகும்.

தலைமயிரைச் சுத்தமாகவும் நலமாகவும் பேணுவதற்கு ஒழுங்காக ஷாம்பு இடுதல் அவசியந்தானா? இவ்வினாவை மருத்துவரிடமோ அழகுக்கலை வல்லாரிடமோ விட்டுவிடுதலே முறை எனச் சிலர் கருதக்கூடும். ஆயின், தேவை என்பது உடலிலிருந்து மட்டும் பிறப்பதன்று. அது வரலாற்றில் ஆக்கப்படுவது. 1857 இல் எழுதிய முன்னுரையொன்றில் மார்க்ஸ், உற்பத்தியானது நுகர்வோனுக்குப் பொருளை மாத்திரமன்றிப் பொருளுக்கு ஏற்ற நுகர்வோனையும் ஆக்குகின்றது எனக் காட்டினார். ‘மூலதனம்’ முதற்பாகத்தில், தொழிலாளியின் வாழ்க்கைத் தேவைகளை அளவிடுகையில் வரலாற்றுக் கூறும் ஒழுக்கக் கூறும் சேர்த்தெண்ணப்படல் வேண்டும் என்றார். சவர்க்காரமும் ஷாம்புவும் அத்தகைய தேவைகளுள் அடங்குவன. இவ்வடிப்படையில், திருகோணமலைத் துறைமுகப் பகுதியின் வாழ்வை மனத்திற் கொண்டு, தலைமுழுக்கின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குதலே எமது முயற்சி.

2

தலையைத் தூய்மை செய்தல் தமிழ் இலக்கியத்தில் விரிவாகப் பேசப்படும் இடங்களுள் சிலப்பதிகாரத்துக் கடலாடு காதை முதன்மையானது. ஊடல் கொண்ட கோவலனை மகிழ்விக்க விழையும் மாதவி, பத்துவகைத் துவரும் ஐந்துவகை விரையும் முப்பத்திருவகை ஓமாலிகையும் ஊறிய நீரிலே தன் நெய் பூசிய கூந்தலை ஆட்டுகிறாள். பின்னர் அதனை நறும்புகையில் உலர்த்துகிறாள். பத்துத் துவருள் பூவந்தி, திரிபலை, கருங்காலி, நாவல், நால்வகைப் பால்மரங்கள் என்பன அடங்கும் என்பது உரைமரபு. பூவந்தியின் காய் நீரில் நுரை தருவது. அதிலுள்ள சப்போனின் என்னும் பொருளே நெய்யைக் கழற்றுவது. சீயக்காயும் அரப்பும் இவ்வாறே தொழிற்படுகின்றன. எண்ணெயிட்டுப் பின் அதனை அளவோடு அகற்றும் நுட்பத்தைத் தமிழர் தொன்றுதொட்டு அறிந்திருந்தனர் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

பழம்பெருமை பேசுவோர் இவ்விடத்தோடு நின்றுவிடுவர். நாம் அப்பாலும் செல்லுதல் வேண்டும். பொருநராற்றுப்படையிலே கரிகாலனை நாடிச் செல்லும் பொருநன் உடுத்திருந்த கந்தையில் ஈரும் பேனும் குடியிருந்தன. வேர்வையில் நனைந்து, வேற்று நூலால் தைத்த கந்தை அது. காலத்தால் வேறுபட்ட நூல்களாயினும் இவ்விரண்டும் காவிரிப்பூம்பட்டினத்துச் சோழருலகைச் சார்ந்தவை. துறைமுகச் செல்வம் குவிந்த நகரத்திலே ஒருத்தியின் கூந்தலுக்கு நாற்பத்தேழு வகைச் சரக்குகள். அந்நாட்டு வழியிலே நடந்த கலைஞனுக்கு மாற்றுடை ஒன்றுமில்லை. அம்முப்பத்திரண்டு ஓமாலிகையையும் காட்டிலிருந்து கொணர்ந்தவர் யாவர், இடித்தவர் யாவர், நீர் சுமந்தவர் யாவர் என்னும் வினாக்களுக்குக் காப்பியம் விடை தருவதில்லை. தூய்மை வர்க்கஞ் சார்ந்ததாக இருந்தது என்பதனையே இவ்விரு சித்திரங்களும் உணர்த்துகின்றன.

அடுத்து மொழிச் சான்றை நோக்குவோம். எமது பேச்சுவழக்கிலே ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்றால் அவள் கருவுற்றிருக்கிறாள் என்பது பொருள். ஒருவரைத் ‘தலைமுழுகி விட்டேன்’ என்றால் உறவு அறுந்தது என்பது பொருள். ஆகவே தலைமுழுக்கின் கால ஒழுங்கை அழுக்கு மட்டும் நிர்ணயிக்கவில்லை. மாதவிலக்கும் மரணத் துடக்கும் விழாவும் நிர்ணயித்தன. வெள்ளி பெண்களுக்கு, சனி ஆண்களுக்கு என்ற எண்ணெய் முழுக்கு முறையும் இவ்வொழுங்கின் பகுதியே. சித்திரைப் புத்தாண்டில் மருத்துநீர் வைத்துத் தோய்தல் ஈழத்துத் தமிழரிடையே இன்றும் நிலவுகின்றது. அதே புத்தாண்டில் தலைக்கு எண்ணெய் வைக்கும் மங்கலச் சடங்கு சிங்கள மக்களிடமும் உண்டு. கிண்ணியாவிலும் மூதூரிலும் வாழும் முஸ்லிம் மக்களின் கடமையான குளிப்பிலே நீர் மயிரின் அடிவரை சென்று சேர்தல் வேண்டும் என்பது விதி. மூவினத்தாரும் ஒரே குடாவைச் சூழ்ந்து வாழும் இம்மாவட்டத்தில் தலைக்கு நீர் வார்த்தல் பற்றிய உணர்வு பிரிவினையைக் காட்டிலும் பொதுமையையே மிகுதியும் காட்டுகிறது எனலாம்.

திருகோணமலை நகருக்கு வடமேற்கே அமைந்த கன்னியா வெந்நீர்க் கிணறுகள் இங்கு நினைவுக்கு வருவன. ஒன்றுக்கொன்று வெப்பநிலையில் சற்றே வேறுபடும் ஏழு கிணறுகள், ஆழமில்லாதவை. எனவே மூழ்குவதற்கன்றி, வாளியால் அள்ளித் தலையில் வார்ப்பதற்கே உரியவை. இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக இவற்றைத் தோற்றுவித்தான் என்பது ஐதிகம். இறந்தோர்க்கான அந்தியேட்டிக் கிரியைகளை அவ்விடத்துச் செய்து தலைமுழுகும் வழக்கமும் அதனோடு இயைந்ததே. இங்கே தலை கழுவப்படுவது மயிரின் பளபளப்புக்காக அன்று. துயரத்தோடு ஊரவர் மத்தியில் மீண்டும் வாழத் தொடங்குவதற்காக.

இம்மரபை முழுமையாகப் போற்றவும் இயலாது. துடக்குக் கொள்கை பெண்ணின் உடலை இழிவென்றது. நீரோ எல்லார்க்கும் கிடைத்ததன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஒடுக்கப்பட்ட சாதியினர் உயர்சாதியினரின் கிணறுகளில் அள்ள முடியாதிருந்தமை அண்மைக்கால வரலாறு, கே. டானியல் தமது ‘தண்ணீர்’ நாவலுக்கு அதனையே பொருளாக்கினார். கிணற்றை மறுத்துவிட்டு, மறுக்கப்பட்டவனையே அழுக்கன் என்று ஏசிய சமூகம் அது. சீயக்காயின் நன்மை பற்றிப் பேசுமுன் வாளியும் கயிறும் எவரது கையில் இருந்தன என்பதைக் கேட்டல் தகும்.

3

இனி, ஷாம்பு என்னும் சொல்லுக்கு வருவோம். அழுத்துதல், பிடித்துவிடுதல் என்னும் பொருளுடைய இந்துஸ்தானிச் சொல்லினின்று ஆங்கிலத்துக்குச் சென்றது அது. பட்னாவிலே 1759 இல் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் பணியாற்றிய சேக் தீன் முகமது, பின்னர் இங்கிலாந்து சென்று பிரைற்றன் நகரிலே நீராவிக் குளியலும் உடல் பிடித்துவிடுதலும் இணைந்த நிலையமொன்றை நடத்தினார். 1822 இல் அச்சிகிச்சை பற்றி நூலொன்றும் வெளியிட்டார். அக்காலத்தில் அச்சொல் உடலைப் பிடித்துவிடுதலையே குறித்தது; தலைமயிரைக் கழுவுதல் என்னும் பொருள் 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னரே நிலைபெற்றது. 1903 இல் பேர்லினில் ஹான்ஸ் சுவார்ஸ்கொப் தூள் வடிவில் விற்பனை செய்தார். 1934 இல் அமெரிக்காவின் புரொக்டர் அன் காம்பிள் நிறுவனம் வெளியிட்ட ‘டிரீன்’, செயற்கைக் கழுவுபொருளைக் கொண்ட முன்னோடி ஷாம்புவாகும். கையால் செய்யும் சேவையாக இருந்தது இவ்வாறு போத்தலில் அடைத்த பண்டமாயிற்று. சொல் கிழக்கிலிருந்து சென்றது. பண்டமாகி மேற்கிலிருந்து திரும்பியது.

மூலப்பொருளின் பயணமும் இதனை ஒத்ததே. தேயிலை, இறப்பர் ஆகியவற்றோடு குடியேற்ற இலங்கையின் ஏற்றுமதிப் பொருளாதாரத்தின் மூன்றாவது தூணாக விளங்கியது தெங்கு. கொப்பறாவும் தேங்காயெண்ணெயும் ஐரோப்பியச் சவர்க்கார ஆலைகளுக்குச் சென்றன. லீவர் பிறதேர்ஸ் நிறுவனம் 1938 இல் இலங்கையிலேயே நிலைகொண்டது. இன்றைய ஷாம்புகளில் நுரைக்குக் காரணமான சோடியம் லோறில் சல்பேற்று வகைகளும் பெரும்பாலும் தேங்காய் அல்லது செம்பனை விதை எண்ணெயின் லோறிக் அமிலத்திலிருந்தே பெறப்படுகின்றன. தலைக்கு வைத்த அதே தேங்காயெண்ணெய், ஆலையூடாகச் சென்று, தலையிலுள்ள எண்ணெயை அகற்றும் பொருளாக எம்மிடமே விற்கப்படுகிறது. இவ்விரு நிலைகளுக்கும் இடையிலேதான் இலாபம் பிறக்கின்றது.

திருகோணமலை இவ்வுலகப் பொருளாதாரத்துள் இழுக்கப்பட்டது தெங்கினால் அன்று, துறைமுகத்தினால். பிரித்தானியக் கடற்படையின் தளமாக விளங்கிய இவ்வூர், 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின் மேலும் முக்கியத்துவம் பெற்றது. அவ்வாண்டு ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இதனைத் தாக்கின. சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்கள் அக்காலத்தின் சான்றாக இன்றும் நிற்கின்றன. கப்பற் பட்டறையின் மணி ஒலிக்கேற்ப வேலைக்குச் சென்று வாரக்கூலி, மாதச்சம்பளம் பெறும் தொழிலாளர் குடும்பங்கள் தோன்றியதோடு, வாங்கிப் பயன்படுத்தும் வாழ்க்கை முறையும் ஊன்றியது. அரப்பை இடிக்கவும் எண்ணெய் ஊறும்வரை காத்திருக்கவும் நேரம் வேண்டும். நேரத்தை முதலாளிக்கு விற்றவனிடம் அது எஞ்சியிராது. சவர்க்காரக் கட்டி அந்நேரத்தை மீதப்படுத்தியது. பண்டங்கள் பரவுவது ஏமாற்றினால் மட்டுமே எனக் கூறுதல் இயக்கவியல் நோக்குக்குப் பொருந்தாது. கூலியுழைப்பு வாழ்வு உருவாக்கிய மெய்யான நெருக்கடியொன்றுக்கு அவை விடையாகவும் அமைந்தன. 1957 இல் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டபின் அதனை நம்பியிருந்த பலர் வேலையிழந்தனர். வாங்கும் பழக்கமோ நிலைத்துவிட்டது.

4

விஞ்ஞானம் இவ்விடயத்தில் கூறுவதனைத் தெளிவாக வகுத்துக்கொள்வோம். தோலுக்கு வெளியே தெரியும் மயிர் உயிரற்றது. அதற்கு ஊட்டம் அளித்தல் என்பது விளம்பரச் சொல். உயிருள்ளது தலைத்தோல். அதிலுள்ள நெய்ச்சுரப்பிகள் எண்ணெய்ப் பசையைச் சுரக்கின்றன. இப்பசை தோலைக் காப்பது. மிகுந்து தேங்கினால் தூசியைப் பற்றுவது. தேங்கிய பசையை உண்டு வாழும் மலசீசியா என்னும் மதுவம் பொடுகுக்குக் காரணங்களுள் ஒன்று. ஆகவே தலைத்தோல் கழுவப்படல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. எதனால், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதே வினா.

சாதாரண சவர்க்காரம் காரத்தன்மை உடையது. தலைத்தோலின் மேற்பரப்போ சிறிது அமிலத்தன்மை உடையது. மேலும் கல்சியமும் மகனீசியமும் மிகுந்த வன்னீரில் சவர்க்காரம் கசண்டாகப் படிந்து மயிரை மங்கச் செய்யும். வரண்ட வலயத்துக் கிணற்று நீர் பலவிடங்களில் வன்னீராகும். செயற்கைக் கழுவுபொருள் வன்னீரிலும் கசண்டு தராது. இது ஷாம்புவின் மெய்யான மேன்மை, மறுத்தல் நேர்மையன்று. தலைமுழுக்கின் முடிவிலே தேசிக்காய்ப் புளி தேய்க்கும் நாட்டு வழக்கம், அதன் அமிலத்தால் இக்கசண்டை ஓரளவு நீக்குவது. செவ்வரத்தம் இலையின் வழுவழுப்பு மயிரை மிருதுவாக்கும். பெருமளவு எண்ணெயை அகற்றும் வல்லமை அதற்கில்லை. சீயக்காய் எண்ணெயை அகற்றும். கண்ணிற் பட்டால் எரியும், நன்றாக அலசாவிடின் தூள் தங்கும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதற்கு எல்லார்க்கும் பொதுவான எண் இல்லை என்பதே தோல் மருத்துவத்தின் நிலைப்பாடு. சுரப்பின் அளவு, மயிரின் வகை, வயது, வேர்வை, தொழில் ஆகியன அதனை நிர்ணயிக்கும். அடிக்கடி கழுவினால் சுரப்பிகள் மேலும் எண்ணெய் சுரக்கும் என்னும் பரவலான நம்பிக்கைக்குப் போதிய ஆதாரம் இல்லை. மறுபுறம், மிகுதியாகக் கழுவுதல் உலர்ந்த, சுருண்ட மயிரை முறியச் செய்யலாம். பொடுகு மிகுந்தோர்க்கு எண்ணெய் ஊறவைத்தல் சிலவேளை தீமையே பயக்கும். கீற்றோகொனசோல் முதலிய மருந்து கலந்த ஷாம்பு அவர்க்கு மெய்யாகவே வேண்டப்படுவது. தலைப்பேன் அழுக்கினால் வருவதன்று. அது தலையோடு தலை படுவதால் தொற்றுவது. கழுவிய தலையிலும் இருக்கும். அதற்கு ஈர்கொல்லிச் சீப்பும் பொறுமையும் வேண்டும். முன்னர்க் கூறிய பொருநனின் கந்தைப் பேன் வேறினம்; மாற்றுடையின்றி வாழும் வறுமையோடு பிணைந்தது. இவ்வேறுபாட்டை அறியாமையாலேயே பேனுள்ள சிறுமி வகுப்பறையில் அழுக்குப் பிள்ளை என இகழப்படுகிறாள்.

ஆராய்ச்சியும் வர்க்க உறவுகளுக்கு அப்பாற்பட்டதன்று. ஆசிய மக்களிடையே அடிக்கடி தலை கழுவுதலே நன்று எனக் கண்ட ஆய்வொன்று 2021 இல் வெளியாயிற்று. அதில் புரொக்டர் அன் காம்பிள் நிறுவன ஆய்வாளர் பங்குகொண்டிருந்தனர். தேங்காயெண்ணெய் மயிரினுட் சென்று புரத இழப்பைக் குறைக்கும் எனக் கண்ட 2003 ஆம் ஆண்டு ஆய்வு, தேங்காயெண்ணெய் விற்கும் மரிக்கோ நிறுவனத்தாருடையது. இதனால் முடிவுகள் பொய்யாகிவிடா. ஆயின் எந்த வினாக்கள் ஆராயப்படுகின்றன, எவை கேட்கப்படாமலே விடப்படுகின்றன என்பதை மூலதனம் நிர்ணயிக்கின்றது. கழுவ நீரற்ற குடும்பம் என்ன செய்யும் என்னும் வினாவில் விற்பதற்கு ஒன்றும் இல்லை.

5

போத்தலுக்குப் பணமில்லாதவனையும் சந்தைக்குள் கொணர்ந்தது சிறு பைக்கற்று. இவ்வுத்தி விரிவடைந்த களங்களுள் தமிழ்நாட்டுக் கடலூர் முக்கியமானது. அங்கே சின்னிகிருஷ்ணன் என்பார் தொடக்கிவைத்த பைக்கற்று முறையிலே ‘வெல்வெற்’ ஷாம்பு பரவியது. 1983 இல் அவரது மகன் சி. கே. ரங்கநாதன் தொடங்கிய நிறுவனம் ‘சிக்’ ஷாம்புவைக் கிராமங்களுக்குக் கொண்டு சென்றது. பன்னாட்டு நிறுவனங்களும் இவ்வழியைப் பின்பற்றின. உள்ளூர் முதலாளி வென்றதாக இதனைக் கொண்டாடுவோர் உளர். அன்றாடங்காய்ச்சியின் சில்லறையே பெருந்தொகையாகத் திரளும் என்பதனை மூலதனம் கற்றுக்கொண்ட கட்டம் இது என்பதே எமது கருத்து. நாட்கூலி பெறுவோன் நாட்கணக்கில் வாங்குகிறான். பைக்கற்று அவனது கூலி முறையின் நிழல்.

பைக்கற்று வெறுமையானபின் செல்லும் இடம் கடற்கரை. இலங்கையில் 2021 மார்ச் 31 முதல், உணவும் மருந்தும் அல்லாத 20 மில்லிலீற்றர் அல்லது 20 கிராமுக்கு மேற்படாத பிளாஸ்ரிக் பைக்கற்றுகள் சட்டத்தால் தடைசெய்யப்பட்டன. சூழலைக் காக்கும் இந்நோக்கம் வரவேற்கத்தக்கதே. ஆயின் போத்தல் வாங்க வசதியுள்ளவனை இத்தடை தீண்டாது. பைக்கற்றையே நம்பியிருந்தவளின் தேவையை மட்டும் தீண்டும். முதலில் தேவையை ஊட்டி, பின்னர் அதை நிறைவு செய்யும் மலிவான வழியையும் மூடி, அதன்பின் 2022 இல் அது அவசியமே அல்ல என்றும் கூறிய வரலாற்றை ஓர் ஏழைப்பெண்ணின் நிலையிலிருந்து நோக்குதல் வேண்டும்.

அவளிடம் சென்று சீயக்காய்க்குத் திரும்பு எனக் கூறுதலும் எளிதன்று. இயற்கை, மூலிகை என்னும் பெயர்களில் விற்கப்படுவன இன்று பெரும்பாலும் விலை கூடியவை. நீண்ட, எண்ணெய் தோய்ந்த, பின்னிய கூந்தலே தமிழ்ப் பெண்ணின் அடையாளம் என வற்புறுத்தும் பண்பாட்டுக் காவலர், அதனைப் பேணும் உழைப்பைப் பகிர்வதில்லை. ஷாம்பு அவளுக்கு நேரத்தையும், எண்ணெய் வழியாத தலையோடு அலுவலகத்தில் மதிப்பாக நிற்கும் வாய்ப்பையும் தந்ததெனின், அதனை மயக்கம் என்று மட்டும் தள்ளிவிடுதல் ஆணின் பார்வையாகும்.

தேவை எவ்வளவு சுருங்கவல்லது என்பதைப் போர் காட்டியது. 1990 களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் சவர்க்காரம் அரிதானபோது மக்கள் பனம்பழக் களியைக் கொண்டு துணி தோய்த்தனர். திருகோணமலை மாவட்டத்திலும் 2004 டிசம்பர் 26 கடற்கோளின் பின்னரும், 2006 இல் மூதூர், சம்பூர்ப் பகுதிகளிலிருந்து மக்கள் இடம்பெயர்ந்தபோதும், தலைமுழுக்கைக் கட்டுப்படுத்தியது நீரும் மறைவிடமுமே. மக்கள் மாற்றுவழி கண்டனர். அது அவர்தம் ஆற்றல். அவ்வாற்றலைக் காட்டி, ‘பார், இது இல்லாமலும் வாழ்ந்தாய்’ என்று கூறும் உரிமை எவர்க்கும் இல்லை.

6

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன சில. தலைத்தோலை ஒழுங்காகக் கழுவுதல் உடல்நலத்துக்கு வேண்டப்படுவது. அதற்கு ஷாம்புதான் வேண்டும் என்பது பெரும்பாலானோர்க்கு உண்மையன்று. எண்ணெயை அளவோடு அகற்றும் எதுவும், நன்றாக அலச நீரும் இருப்பின் போதும். பொடுகு முதலிய நோயுடையார்க்கு மருந்து ஷாம்பு தேவையே. அது அழகுப் பண்டமாக அன்றி மருந்தாகக் கருதப்பட்டு எளிய விலையில் கிடைத்தல் வேண்டும்.

கால ஒழுங்கை நிர்ணயிக்க வேண்டியது விளம்பரமும் அன்று, பஞ்சாங்கமும் அன்று, உழைப்பும் உடலுமே. கச்சான் காற்று வீசும் மாதங்களில் சீனக்குடாவில் சீமெந்தும் மாவும் சுமந்து, தூசியும் வேர்வையும் உப்பும் படிந்த தலையோடு மாலையில் வீடு திரும்புபவனுக்கு நாள்தோறும் தலை கழுவ நியாயம் உண்டு. மின்விசிறியின்கீழ் அமர்ந்து எழுதும் எம்மனோர்க்கு வாரத்தில் இரண்டொரு நாள் அமையும். நடைமுறையிலோ நாள்தோறும் கழுவும் வசதி பின்னவனிடமே உளது. முன்னவனின் வீட்டிலே குழாய்நீர் வரும் நேரத்தைப் பார்த்து வாளிகள் வரிசையில் நிற்கின்றன.

ஆதலின் ஷாம்பு அவசியமா என்னும் வினாவைப் பண்டத்தைப் பற்றிய வினாவாக மட்டும் கொள்ளலாகாது. நன்னீர், ஓய்வு நேரம், பெண்ணுக்கு மறைவான குளிப்பிடம், மருந்துக்கான வசதி ஆகிய நான்கும் துறைமுகத்துத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் கொட்டியாரக் குடாவைச் சூழ்ந்த மீனவக் கிராமங்களுக்கும் கிடைக்குமாறு செய்தல் பொதுக் கடமை. அவை கிடைத்தபின், அரப்பா ஷாம்புவா என்பதை அவரவர் தலை தீர்மானித்துக்கொள்ளும்.